ஒன்பது துண்டு யானையும் ஒரு கால் சுவிட்சும்

மே 14, புதன்

காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீரபாண்டித் திருவிழா முடிந்தது, ரவிக்கை தைக்கிற அவசரமும் முடிந்தது. மாடிப்படிக்குக் கீழே கிடந்த சாக்குமூட்டையை இன்று பிரித்துவிட்டேன்.

மூன்று மாதமாகக் கிடக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து தம்பி அந்தோணி லாரி பார்சலில் அனுப்பிய ரம்ப மிஷின். அவன் வேலை பார்க்கும் பட்டறையில் மரப் பொம்மை செய்கிற பிரிவை மூடிவிட்டார்கள். "மச்சானுக்கு ஆகும்க்கா. கையை உள்ள இழுக்காத மிஷினு" என்றான். என் வீட்டுக்காரர் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. கார்த்திகையில் மரக்கடை இழைப்பு மிஷினில் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனதிலிருந்து, மரம் என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

நேற்று சாப்பிடும்போது சொன்னார். குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட், கேட் வாட்ச்மேன் வேலை. தங்கல் அங்கேயே. மாதம் ஒரு தடவை வருவாராம். ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். இருபது வருஷம் மரத்தூள் வாசனையை வைத்தே என்ன மரம் என்று சொன்ன மனுஷன், கேட்டைத் திறந்து மூடப் போகிறார்.

விடமாட்டேன். இதில் எழுதிவைக்கிறேன்.

கான்வென்ட் நர்சரி சிஸ்டர் பிள்ளைகளுக்கு மரப் புதிர் கேட்டார். யானை, ஒன்பது துண்டு, பலகைப் பள்ளத்தில் சேர்த்து வைக்கிற மாதிரி. நன்றாக வந்தால் இன்னும் பத்து வேண்டுமாம். நான் முதலில் ஒன்று செய்து காட்டுவது. அவர் கண்ணால் பார்ப்பது. பிறகு இரண்டு பேரும் இங்கேயே செய்வது. அவ்வளவுதான் திட்டம்.

பதினெட்டு நாள். இன்றைக்கு ஒன்று போச்சு.

மே 15, வியாழன்

மிஷினைத் தூக்கி மேஜையில் வைக்கப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் பெட்டி தூக்கிப் பழகிய கை. "என்னத்தடி வாங்கி வச்சிருக்க, கறிக்கடையா போடப் போற?"

தட்டு, மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் நூல் தடிமனில் பிளேடு. தையல் மிஷின் ஊசி மாதிரியேதான் மேலும் கீழும் போகிறது. இது நமக்கு வராதா என்று நினைத்தேன். திமிர்.

பிளேடை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். பலகை துள்ளியது. அழுத்திப் பிடித்தேன். டிங். இன்னொன்று மாட்டினேன். டிங். மத்தியானத்துக்குள் ஐந்து பிளேடு அறுந்தது.

சத்தம் கேட்ட உடனே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். வலது கை தோள் துண்டுக்குள்.

போனில் தேடினேன். தெளிவாகக் காட்டுகிறவர் ஒரு மலையாளத்துக்காரர்தான். சின்னப் பிள்ளையில் அம்மாவோடு ஏலக்காய் எடுக்கப் போனதில் படித்த மலையாளம் இப்போது உதவுகிறது. பிளேடைக் கண்ணுக்கு நேரே பிடித்து "பல்லு தாழோட்டு" என்றார். பல் கீழே பார்க்க வேண்டுமாம். நான் ஐந்தையும் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். ஐயோ.

திருப்பி மாட்டியதும் பலகை அடங்கி உட்கார்ந்தது.

மே 17, சனி

இரண்டு நாள் வெறும் கோடு. நேர்கோடு, வளைவு, பாம்பு, மறுபடி நேர்கோடு. பழம் வந்த பெட்டிப் பலகை எல்லாம் தூளாகிவிட்டது. மூக்கில், தலையில், சாம்பாரில்கூடத் தூள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளவும்.

தெரிந்துகொண்டது:

— பிளேடைச் சுண்டினால் கம்பி மாதிரிச் சத்தம் வர வேண்டும். தொளதொள என்று இருந்தால் கோடு கோணும். ரொம்ப முறுக்கினால் அறும்.

— பின்னாலிருந்து இழுக்கக் கூடாது. தைக்கும்போது இடது கை தன்னால் ஊசிக்குப் பின்னே போய்த் துணியை இழுக்கும், அதே கை இங்கேயும் போகிறது. அடி போடவேண்டும் அந்தக் கைக்கு.

— தள்ளவும் கூடாது. அது தின்கிற வேகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

— மூலை: ஓட்டத்தை நிறுத்தாமல், பலகையை நின்ற இடத்திலேயே திருப்பு. (இன்னும் வரவில்லை.)

பாண்டியம்மா ஜன்னல் வழியே: "ஏ மேரி, எம்மக கல்யாண ரவிக்கைய இந்த மிஷின்ல போட்டுறாத. போட்டா குத்தும் ஆத்தா."

அவர் இன்றைக்கும் டீக்கடை. நாலு டீ குடித்திருப்பார். வயிறு புண்ணாகப் போகிறது.

மே 19, திங்கள்

மைதாப் பசை காய்ச்சி யானைப் படத்தைப் பிளைவுட்டில் ஒட்டினேன். காய்ந்ததும் பார்த்தால் மேல் தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. ஒரு பலகை வீண். அடுத்ததில் முதலில் செல்லோடேப், அதன்மேல் பசை, அதன்மேல் படம். இது நிற்கிறது. பிளேடும் சூடாகவில்லை.

நடுவே இருக்கிற பள்ளத்தை வெட்ட ஓரத்திலிருந்து போகக்கூடாது. உள்ளே ஒரு ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் விட்டு, மறுபடி மாட்ட வேண்டும். யானை வடிவத்தில் பள்ளம் வந்துவிட்டது. தும்பிக்கை நுனி மட்டும் கொஞ்சம் மொட்டை.

அவருடைய துளைபோடும் மிஷினை எடுக்க அவருடைய பெட்டியைத் திறந்தேன். எல்லாம் எண்ணெய் போட்டு, துணி சுற்றி, அடுக்கி இருக்கிறது. எப்போது போட்டார்? துரு ஒரு பொட்டு இல்லை.

மே 21, புதன்

ஒன்பது துண்டும் வெட்டியாகிவிட்டது! தலை, காது, தும்பிக்கை, முதுகு, வயிறு, நாலு கால். இரண்டே நாளில் முடித்துவிட்டேன்.

ரவிக்கைக்குச் செய்வது மாதிரியே செய்தேன். படத்தைத் தனித்தனிக் காகிதமாக நறுக்கி, பலகை வீணாகாமல் நெருக்கி வைத்து, ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் கால் இஞ்ச் விட்டு வெட்டினேன். அளவில் என்னைக் குறை சொல்ல இந்தச் சுருளிப்பட்டியில் ஆள் கிடையாது.

நாளைக்குச் சேர்த்து வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டுவேன். அப்புறம் பார்க்கிறேன் எந்தக் கேட்டைத் திறக்கப் போகிறார் என்று.

மே 22, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

பள்ளத்தில் வைத்தேன். ஐந்தாவது துண்டிலேயே நிறைந்துவிட்டது. நாலு கால் வெளியே. தரையில் பரப்பிப் பார்த்தால் யானை வீங்கிக் கிடக்கிறது. பாண்டியம்மா வந்து பார்த்து, "மாசமா இருக்கா?" என்றாள்.

சோற்றுக்கு வந்தவர் நின்று பார்த்தார். குனிந்தார். ஒரு துண்டை இடது கையால் எடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

"மேரி, தையலுக்கு விட்டு வெட்டிருக்க. மரத்துல எங்கனடி தையல் போடப் போற?"

சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். தும்பிக்கையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. எட்டு நாளா தூளத் தின்னுக்கிட்டுக் கெடக்கேன், எட்டிப் பாத்தீகளா? சத்தம் கேட்டா டீக்கடை. ரெண்டு விரலு போச்சு, மிச்சம் எட்டு விரலும் நானும் இருக்கோம்ல? உங்களுக்கு வெக்கம். அந்த வெக்கத்துக்காக என்னைய விட்டுட்டு மல மேல போய் உக்காரப் போறீக."

பாண்டியம்மா சத்தமில்லாமல் நழுவிவிட்டாள்.

அவர் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வெக்கமில்ல மேரி. அன்னைக்கு நான் கத்துனேன். 'அமத்துங்கடா, அமத்துங்கடா'ன்னு கத்துனேன். சுவிட்சு அங்கன செவுத்துல, பலகை அடுக்குக்குப் பின்னால. அம்புட்டு எரச்சல்ல ஒருத்தனுக்கும் கேக்கல. இந்தக் கையால எட்டிப் பாத்தேன், எட்டல. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மிஷினு சத்தம் கேட்டா எனக்கு அந்த நெனப்புத்தான் வருது. நான் சொன்னா நிக்காதுன்னு."

ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. பாதிரியாரிடம் சொல்லவில்லை. என்னிடமும் இன்றைக்குத்தான். ஆறு மாதமாக வெட்கம் என்றே நினைத்துக்கொண்டு இருந்தேனே, மடச்சி.

சோறு அப்படியே இருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மே 23, வெள்ளி

ரம்பத்தைத் தொடவில்லை. பாண்டியம்மா மகளின் ரவிக்கை, கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் மீன்காரர் சத்தம். எட்டிப் பார்க்கக் காலை எடுத்தேன். மிஷின் நின்றது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிதித்தேன், ஓடியது. எடுத்தேன், நின்றது. பதினைந்து வருஷமாக மோட்டார் வைத்துத் தைக்கிறேன், ஒருநாளாவது இந்த ஊசியைப் பார்த்துப் பயந்திருக்கிறேனா? இல்லை. ஏன்? அது என் காலில் இருக்கிறது.

மீன் வாங்க மறந்துவிட்டேன்.

மே 24, சனி

காலை பஸ்ஸில் கம்பம். கூட்டம். எலக்ட்ரிக் கடைக்காரரிடம் தையல் மிஷின் பெடலைக் கொடுத்து, ரம்பத்துக்கு இதை மாட்டித் தாருங்கள் என்றேன்.

"இது தாங்காதுக்கா, கருகிப் போகும். கால் சுவிட்சு தனியா இருக்கு. அமுக்குனா ஓடும், விட்டா நிக்கும். பெரிய வேலை இல்ல, வயரோட மாட்டித் தாரேன்."

"விட்ட உடனே நிக்குமா?"

"நிக்கும்."

"கண்டிப்பா?"

"எத்தன தடவக்கா கேப்பீக?"

மூன்று தடவை கேட்டிருப்பேன் போல. புதுப் பிளைவுட் ஒன்றும் வாங்கினேன். திரும்பி வரும்போது பலகை பஸ் வாசலில் எல்லார் முழங்காலையும் இடித்தது. ஏச்சு வாங்கினேன்.

மே 25, ஞாயிறு

பூசை. மனசு அங்கே இல்லை. வேலை இல்லை. மலைப்பக்கம் மேகம். கோழி அடித்தேன், அவர் இரண்டு துண்டுதான் சாப்பிட்டார். இன்னும் ஏழு நாள்.

மே 26, திங்கள்

பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். நிலைப்படியில் நின்றார். அதற்குமேல் வரவில்லை.

"ஏங்க, இங்க பாருங்க. மிதிக்கேன், ஓடுது. காலை எடுக்கேன், நிக்குது. செவுத்துக்குப் போக வேண்டாம். யாரையும் கூப்பிட வேண்டாம்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றேதான். பக்கத்தில் நின்றால் செய்யமாட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, ர்ர்ர். நின்றது. ர்ர்ர். நின்றது. வெங்காயம் அரிந்து முடித்தேன், பருப்பு வெந்தது, இன்னும் ர்ர்ர், நின்றது. அரை மணி நேரம். எத்தனை தடவை என்று எண்ண முடியவில்லை. ஒரு தடவை ரொம்ப நேரம் ஓடியது, எனக்கு மூச்சு நின்றது, பிறகு அதுவும் நின்றது.

அடுப்படிக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"விட்டா நின்னுருது."

"ஆமா."

"வாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன் எஸ்டேட்டுக்கு."

சரி என்றேன். உள்ளே பற்றி எரிந்தது. ஆனால் இன்றைக்கு டீக்கடைக்குப் போகவில்லை, அதைக் குறித்துவைக்கிறேன்.

மே 27, செவ்வாய்

அவரே கேட்டார்: "நீ அறு. நான் மிதிக்கேன்."

நான் முக்காலியில். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் சுவிட்சில்.

கொடுமை. ஒரு இஞ்ச் போவேன், காலை எடுத்துவிடுவார். "என்னாச்சு?" "ஒண்ணுமில்ல. விரலு கிட்ட போச்சு." "நாலு இஞ்ச் தள்ளி இருக்குங்க!" "இருக்கட்டும்." மறுபடி மிதிப்பார். மறுபடி எடுப்பார். நாற்பது தடவையாவது நின்றிருக்கும். புதுப் பலகையில் பள்ளத்தை வெட்டி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

"இப்பிடிப் போனா யானை கிறிஸ்மஸுக்குத்தான் வரும்."

"வரட்டும். உன் கை முழுசா இருக்கட்டும்."

மறுபடி பலகையைத் தட்டில் வைத்தேன்.

வெட்டி எடுத்த யானையையே இப்போது துண்டு போடுவது. ஒரு கோடு, ஒரு வெட்டு, இரண்டு பக்கமும் இரண்டு துண்டு. விடுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்கு எட்டு நாள் அழுதிருக்கிறேன்.

மே 29, வியாழன்

காற்று ஆரம்பித்துவிட்டது. தகரம் எல்லாம் தடதட. லேசாகச் சாரல். பத்து மணிக்குப் போன கரண்டு நாலு மணிக்குத்தான் வந்தது. அந்த நேரமெல்லாம் உப்புத்தாள் போட்டோம். அவர் இடது கையால். வலது கையால் துண்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. தோள் துண்டுக்குள் ஒளிக்காமல். நான் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நாலு கால், வயிறு, முதுகு பிரித்தாகிவிட்டது. தள்ளினால் உள்ளே போகிறது, கவிழ்த்தால் விழுகிறது. பிள்ளைகளுக்கு இந்த அளவு போதும். முதுகோடு சேர்ந்த வால் நுனி என் அவசரத்தில் ஒடிந்தது. அவர் பசை போட்டு ஒட்டினார், ஒட்டே தெரியவில்லை.

இன்றைக்கு ஒன்பது தடவைதான் நிறுத்தினார். ஒன்பது தடவையும் நின்றது.

எஸ்டேட் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மே 31, சனி

காது பிரிந்தது. தலையும் தும்பிக்கையும் மட்டும் இன்னும் ஒன்றாக இருக்கிறது. ஒரு கோடு பாக்கி. அதற்குள் கரண்டு போய்விட்டது, சாயங்காலம் வரை வரவில்லை.

பை எடுத்துவைத்தார். மூன்று சட்டை, இரண்டு வேட்டி, போர்வை, ஜெபமாலை. நான்தான் மடித்துக் கொடுத்தேன். மடிக்கும்போதே சொல்லிவிட்டேன், பொறுக்க முடியவில்லை.

"போகாதீக."

"வாக்குக் குடுத்தாச்சு மேரி."

"எனக்குக் குடுத்தது?"

பையின் ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. நான் எடுத்துவிடவில்லை.

பாண்டியம்மா வந்தாள், ரவிக்கை வாங்க. பையைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 1, ஞாயிறு

முதல் பூசை முடிந்து வந்தோம். சாரல் இல்லை, காற்று மட்டும். கம்பம் பஸ் ஏழரைக்கு. ஏழு மணிக்குக் கரண்டு வந்தது.

பையைத் தூக்கப் போகிறார் என்று நினைத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். முக்காலி இழுபடும் சத்தம். திரும்பினால் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என் இடத்தில். பலகையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நீ மிதி."

"ஞாயித்துக்கெழமைங்க" என்றேன். என்ன பேச்சு அது, வாயில் அதுதான் வந்தது.

"ஒரு கோடுதான்."

இடது கையை ஒரு பக்கம் வைத்தார். வலது கையை மறுபக்கம், கட்டைவிரலும் கடைசி இரண்டு விரலும் பலகைமேல். சுவிட்சில் காலை வைத்தேன்.

"நான் 'ஏ'ன்னா எடுத்துருவியா?"

"எடுத்துருவேன்."

"சத்தத்துல கேக்கலன்னா?"

"உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். கேக்கவே வேண்டாம்."

மிதித்தேன். பிளேடைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்க்கவில்லை. நெற்றியில் சுருக்கம், கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தார், கண் இமைக்கவில்லை. பஸ் தெருமுக்கில் ஹாரன் அடித்தது. அந்த முகம் திரும்பவில்லை. இன்னொரு தடவை அடித்தது. பிறகு போய்விட்டது. உதட்டை விட்டார். காலை எடுத்தேன். நின்றது.

இப்போது வாசலில் நின்று எஸ்டேட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறார். "மன்னிச்சுக்கோங்க, வரமுடியல. இங்கன வேலை வந்துருச்சு" என்கிறது காதில் விழுகிறது. நான் அழுது முடித்து, முகம் கழுவி, இதை எழுதுகிறேன். தும்பிக்கை எப்படி வந்திருக்கிறது என்று இன்னும் பார்க்கவே இல்லை.